ஒளிக்கலை விழா: எத்தனை மணிக்குப் போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர மையத்தில் நடக்கும் ஒளிக்கலை விழாக்கள் பற்றிய அறிவிப்பில் 'மாலை 6 மணி முதல்' என்று மட்டும் போடுகிறீர்கள். அதை நம்பி 6 மணிக்கே வருபவர்கள், புரொஜெக்டர் படம் வெளிறிக் கிடக்கும் கட்டடச் சுவரைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். கெட்ட பெயர் கலைஞருக்கு.

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் படத்தில் கறுப்பு. வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்வரை அந்தக் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மற்ற நிறங்களும் சோகை பிடித்திருக்கும். 20,000 லூமென் (ஒளியின் அளவு) புரொஜெக்டர் பெரிய சங்கதிதான். ஆனால் 600 சதுர மீட்டர் சுவரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 33 லூமென், கிட்டத்தட்ட தெருவிளக்கு வெளிச்சம். ஆகவே சுவர்க் காட்சிக்கு, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரமாவது போகட்டும். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக, கோடையில் இன்னும் நேரமாகும்.

எல்.இ.டி. சிற்பங்களுக்குக் கணக்கே வேறு. அவை தாமே ஒளிர்பவை. வானம் கருநீலமாக இருக்கும் அந்த அரை மணியில்தான் புகைப்படம் நன்றாக வரும். முதலில் சிற்பங்கள், பிறகு சுவர்.

சுவருக்கு ஒட்டி முன்வரிசை பிடிப்பதில் லாபமில்லை. தூண்களும் ஜன்னல்களும் அசைவது போன்ற மாயத்தோற்றம் பெரும்பாலும் புரொஜெக்டர் கோபுரத்தை ஒட்டி நின்றால்தான் சரியாகப் பொருந்தும். ஓரத்திலிருந்து பார்த்தால் கோணல். காட்சி திரும்பத் திரும்ப ஓடுவதால் ஒரு சுற்றை விட்டுப் பிடிக்கலாம். சுற்று முடிந்ததும் வெளியேறுபவர்களும் உள்ளே வருபவர்களும் மோதிக்கொள்ளும் இரண்டு மூன்று நிமிடம்தான் ஆபத்தானது. இரு தோளிலும் பக்கத்து ஆள் அழுத்தத் தொடங்கினால் அப்போதே குறுக்காக ஓரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் நம் கால் நம் சொல் கேட்காது.

செல்போன் படத்தில் கறுப்புக் கோடுகள் விழுவது போனின் பழுதல்ல. எல்.இ.டி.யை மங்கலாக்க அதை வேகமாக அணைத்து ஏற்றுகிறார்கள். கேமராவோ படத்தை வரி வரியாகப் பதிகிறது. ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) 1/50 வினாடிக்கு இறக்கினால் பெரும்பாலும் கோடு மறையும். ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. பக்கத்தில் நிற்பவரின் இருட்டைத்தான் கெடுக்கும்.

வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுக்கும் ஒளி, ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆகாது. கண்ணை மூடினால் போதாது, மினுக்கல் இமை வழியாகவும் ஊடுருவும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி விலக வேண்டும்.

அடுத்த அறிவிப்பில் சூரியன் மறையும் நேரம், சுவர்க் காட்சியின் ஒரு சுற்று எத்தனை நிமிடம், மினுக்கும் ஒளி உண்டா இல்லையா, இந்த மூன்றையும் விழாக் குழுவிடம் கேட்டு வெளியிடுங்கள். ஒரே வரியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒளியமைப்பாளர் ஒருவர்