கட்டையனுக்குச் சொல்லாத கணக்கு

பொகவந்தலாவை,
ஞாயிறு, விடாத மழை

மச்சான்,

ஒன்றரை வருஷமா எழுதலைன்னு திட்டாதே, நீயும்தான் எழுதலை. அம்மாவுக்கு முழங்கால் பழைய கதை. சம்பளம் இன்னும் பேச்சுவார்த்தையில.

போன கிழமை மகன் போன்ல ஒரு படம் போட்டான். பார்த்தா நம்ம 'புல்லட் இன் த ஹெட்'! தீபாவளிக்கு டெக் எடுத்து, கடைசி லயத்துல விடிய விடியப் பார்த்தோமே, ஜோன் வூவோட 1990 படம். அன்னைக்கு ஒரு வார்த்தை வெளங்காமலே, நம்மள்ல யாரு டோனி லியுங்குன்னு மூணு பேரும் அடிச்சுக்கிட்டோம். இப்பத்தான் கதையே வெளங்குது. 1967, ஹொங்கொங்ல கலவரம். மூணு கூட்டாளிமார் காசு பார்க்க சைகோனுக்குப் போறானுங்க. போன இடத்துல யுத்தம், கையில ஒரு பெட்டி தங்கம். முகாம்ல கைதிய வச்சே கைதியச் சுடவைக்கிற கட்டத்துல மகன் எழும்பிப் போயிட்டான். கடைசிக் கார்ச் சண்டை மட்டும் வீண் கூத்து.

எனக்குத் தூக்கம் போனது வேற இடத்துல. காயம்பட்ட ஜெக்கி செங் கத்துறான். சத்தத்துக்கு எதிரி வந்துருவான்னு கூட்டாளி வைஸ் லீயே அவன் தலையில சுடுறான். அவன் செத்தும் போகலை. மண்டைக்குள்ள குண்டோட, தூளுக்கு அடிமையாகி அலையிறான். சுட்டவன் ஊருக்கு வந்து கோட் போட்ட முதலாளி.

மச்சான், அந்த நீலக் கல்லு. ஆத்தோரம் ராவோட ராவா மண்ணள்ளி அரிச்சோமே. இரத்தினபுரிக்கு நான்தானே கொண்டு போனேன். 60,000க்குப் போச்சுன்னு சொன்னேன். போனது 90,000.

அக்கா கல்யாணத்துக்குன்னு சொல்லிக்கலாம். பொய். அந்தப் பைக்குடா. மாமா குடுத்த காசுன்னு சொல்லி, நீங்க ரெண்டு பேரும் பின்னால தொத்திக்கிட்டு ஹட்டன் வரைக்கும் வருவீங்களே, அதேதான்.

கட்டையனுக்குக் கடை எடுக்க 30,000 வேணும். கையில பங்கா வந்த 20,000தான் இருந்துச்சு. அதனாலதான் கொழும்புக்குப் போனான். சுற்றிவளைப்புல பிடிபட்டு களுத்துறைச் சிறையில கிடந்தான். இன்னைக்கும் அவனுக்கு இடது காது கேக்காது. நான் அவன் வலது பக்கமா நின்னுதான் பேசுறேன், இத்தனை வருஷமா.

திருவிழாவுக்கு வர்றானாம். உன் பத்தாயிரத்த மறந்துரு, அது எப்பவோ பெட்ரோலாப் போச்சு. அவன்கிட்ட மட்டும் சொல்லணும், தனியா என்னால ஏலாது. நீ வா. ஹட்டன்ல பஸ் ஏறுனதும் போன் போடு, நோர்வூட் சந்தியில நிப்பேன். நடந்துதான் வருவேன்.

உன்
சோடாபுட்டி