ரேம்: பெட்டியில் உள்ள எண் போதாது

ஆசிரியருக்கு,

கணினி வாங்குவோருக்கான குறிப்புகளில் ரேமின் வேகத்தை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். சிஎல் எண்ணையும், அதாவது கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை சுழற்சிகள் எடுக்கிறது என்பதையும், சேர்த்துச் சொல்லுங்கள். அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவினாடியில் கிடைக்கும். புதிய தலைமுறை ரேமான டிடிஆர்5-இல் வேகம் 6000, சிஎல் 30 என்றால் 10. அதே 6000, சிஎல் 40 என்றால் 13.3. முந்தைய தலைமுறையான டிடிஆர்4 3200, சிஎல் 16-க்கும் 10தான்! புதிய தலைமுறை தருவது கூடுதல் அலைவரிசை, அதாவது ஒரு வினாடியில் அதிகத் தரவை நகர்த்தும் திறன். தாமதம் தானாகக் குறைந்துவிடாது.

வாங்கிப் பொருத்தினால் மட்டும் அந்த வேகம் வராது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில், ரேமின் முழு வேகத்தைக் குறித்துவைத்திருக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். இல்லையேல் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 3000 என்று காட்டினால் பதற வேண்டாம், ஒரு சுழற்சிக்கு இரு முறை தரவு நகர்வதால் அது 6000-இன் பாதிக் கணக்கு.

நான்கு ரேம் துண்டுகளைவிட இரண்டே மேல். நான்கு போட்டால் செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சுமை கூடி, வேகத்தைக் குறைக்க நேரிடும். ரேம் செருக நான்கு துளைகள் உள்ள தாய்ப்பலகையில், செயலியிலிருந்து எண்ணி 2, 4-ஆம் துளைகளில் பொருத்துவதே பெரும்பாலும் சரி, கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

ஓவர்கிளாக் செய்தபின், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டியபின், விண்டோஸ் திறந்துவிட்டது என்பது சான்றாகாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளின் நான்கு சுற்றும் பிழையின்றி முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். கோப்புகள் சத்தமில்லாமல் கெடுவது இப்படித்தான்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு 6000, சிஎல் 30 போதும். 8000 வேக ரேமுக்குத் தரும் கூடுதல் பணத்தை கிராபிக்ஸ் அட்டையில் போடலாம்.

– ஒரு வாசகர்