பல்லியும் முதலையும்

அன்புள்ள சுந்தரம்,

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதே. இங்கே ஜகார்த்தாவில் மழை, கடையில் வியாபாரம் சுமார்தான்.

'உங்கள் ஊர் ஊழல் ஒழிப்பு ஆணையம் என்ன ஆச்சு, முன்பெல்லாம் ஆகா ஓகோ என்பாயே?' என்று கேட்டிருந்தாய். அது கேபிகேயின் (அந்த ஆணையத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பழைய காலம். அமைச்சரோ ஆளுநரோ, பிடிபட்டால் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டி டீவி முன்னால் நிறுத்துவார்கள். 2009-இல் தன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற கோபத்தில் ஒரு போலீஸ் உயரதிகாரி, 'பல்லி முதலையோடு மோதுவதா?' என்றார். பல்லி கேபிகே, முதலை போலீஸ். ஜனங்கள் பல்லிப் பக்கம் நின்றார்கள்.

சபாநாயகர் செத்யா நொவாந்தோ கதையைக் கேட்டால் உனக்கு முட்டி வலி மறந்துவிடும். அடையாள அட்டை ஊழல் வழக்கில் 2017 நவம்பரில் அவரைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் போன கார் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டது. தலையில் பக்பாவ் அளவுக்கு வீக்கம் என்றார் வக்கீல். (பக்பாவ் இங்கே ஆவியில் வேகவைக்கும் பன், நம் இட்லியைவிடப் பெரிசு.) கடைசியில் விசாரணையைத் தடுத்ததற்காக அந்த வக்கீலும் ஆஸ்பத்திரி டாக்டரும் உள்ளே போனார்கள். சபாநாயகருக்கு 15 ஆண்டு.

இப்படிப் பிடித்தால் சும்மா விடுவார்களா? அதே வழக்கை விசாரித்த கேபிகே அதிகாரி நாவெல் பஸ்வெடான், 2017 ஏப்ரலில் விடியற்காலைத் தொழுகை முடித்துத் திரும்பும்போது முகத்தில் ஆசிட் வீசினார்கள். இடது கண் போயிற்று. அதற்காகத் தண்டனை பெற்றவர்கள் பணியிலிருந்த இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவருக்கு இரண்டு ஆண்டு, இன்னொருவருக்கு ஒன்றரை.

ஆனால் என்னைக் கேட்டால் கேபிகேயை வீழ்த்தியது ஆசிட் இல்லை, காகிதம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களை அரசு ஊழியராக்கினார்கள். எதிர்த்துத் திரண்ட மாணவர்களுக்குக் கண்ணீர்ப்புகைதான் மிச்சம். அரசு ஊழியர் என்றால் பரீட்சை உண்டே! தேசப்பற்றுப் பரீட்சை வைத்தார்கள். தேறவில்லை என்று 2021 செப்டம்பர் கடைசியில் 57 பேரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதில் நாவெலும் ஒருவர். கண்ணைக் கொடுத்தவருக்குத் தேசப்பற்று போதவில்லையாம்! ஆபீஸை யாரும் பூட்டவில்லை, பெயர்ப்பலகைகூட அதேதான். அப்புறம் நாவெல் உட்பட 44 பேருக்கு வேலை கொடுத்தது யார் தெரியுமா? போலீஸ்.

நொவாந்தோ 2025 ஆகஸ்டில் பரோலில் வந்துவிட்டார். வீக்கம் வற்றியிருக்கும்.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் திண்ணை வரை நடந்து பழகிவிடு.

அன்புடன்,
கணேசன்