லேசர் அடித்த பிறகும் கொப்பியை மூடாதே

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. பொகவந்தலாவையில் மழை விட்டபாடில்லை என்கிறாய். கண்டியிலும் அதே கதைதான். உன் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும் குளுக்கோமாக்காரர்கள், அதுதான் கண் அழுத்த நோயுள்ளவர்கள், "லேசர் அடித்தாச்சு, இனி மருந்து எதுக்கு?" என்று கேட்கிறார்களாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கண்ணுக்குள் ஊறும் நீர், கோர்னியாவும் (கண்ணின் முன் கண்ணாடித் தோல்) கதிராளியும் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்) சேரும் மூலையிலுள்ள ஒரு சல்லடை வழியாக வடிகிறது. அது மந்தமானால் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு தேயும். உன் ஆட்களுக்கு அடிக்கும் எஸ்.எல்.டி. என்ற லேசர் அந்தச் சல்லடையில்தான் படுகிறது: 532 நனோமீற்றர் பச்சை ஒளி, புள்ளி 400 மைக்ரோன், ஒரு லேசர் அடிக்கு 3 நனோசெக்கன். பழைய ஆர்கன் லேசர் போல இது சுட்டுத் தழும்பாக்காது. நிறமிக் கலங்கள் ஒளியை வாங்கிக்கொள்ள, பிறகு உடம்பே அந்த இடத்தைத் துப்புரவாக்குகிறது என்பதுதான் விளக்கம். ஆகவே பலன் தெரிய 4 முதல் 6 கிழமை பிடிக்கும். அதுவரை பழைய சொட்டு மருந்தை டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடக்கூடாது. உன் ஆட்கள் தவறுவது இங்கேதான்.

அன்றைக்கு நடப்பதையும் சொல்லி அனுப்பு, பயம் குறையும். அழுத்தம் எகிறாமலிருக்க பிரிமோனிடின் ஒரு சொட்டு, பிறகு மரக்கும் மருந்து. முகவாயைத் தாங்கியில் வைத்ததும், ஜெல் தடவிய கண்ணாடி வில்லை கண்ணில் வந்து உட்காரும். ஜெல்லில் காற்றுக் குமிழி மாட்டினால் மூலை மங்கிவிடும், கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். 0.8 மில்லிஜூலில் தொடங்கி, சோடாப் போத்தல் திறந்தாற்போல் பொடிக் குமிழி எழும்வரை கூட்டிக் குறைப்பார்கள். நிறமி அடர்ந்த கண்ணென்றால் இன்னும் குறைவாகத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே அழுத்தம் ஏறிவிடும். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 100 லேசர் அடி, சில நிமிட வேலை. குறி முன்னால் தள்ளிப் போனால் பலனில்லை, பின்னால் போனால் வலியும் அழற்சியும். ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் பார்க்காமல் பஸ் ஏற விடக்கூடாது.

இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பும் கூச்சமும் இருக்கலாம். கடும் வலி, வாந்தி, பார்வை மங்கல் என்றால் மறுநாள் காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) வரை பார்க்காதே, அன்றே அனுப்பு.

அழுத்தம் 20 முதல் 30 வீதம் இறங்கும். 24 மி.மீ. இரசம் இருந்தால் 18 பக்கம் என்று வை. சிலருக்கு ஒன்றுமே இறங்காது. இறங்கினாலும் சில வருடங்களில் பலன் தேயும்; திரும்ப அடிக்கலாம். போன பார்வை மட்டும் எந்த லேசருக்கும் திரும்பாது.

ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு முதலிலேயே லேசர் நல்லது என்பதே என் கட்சி. இங்கிலாந்தில் 2019இல் வெளியான லைட் (LiGHT) என்ற ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களில் 74 வீதம் பேர் 3 வருடம் சொட்டு மருந்தே இல்லாமல் இருந்தார்கள். இருட்டோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள் தினமும் இரண்டு வேளை டிமோலோல் சொட்டு மருந்து விடுவாள் என்று எதிர்பார்ப்பது யாருடைய கணக்கோ! இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகவும் ஆகாது, மூச்சு முட்டும்.

மூலை ஒடுங்கிய கண்ணுக்கு இது பொருந்தாது, சல்லடையே தெரியாது. பல்பைச் சுற்றி வானவில் வளையம், அந்தியில் தலையிடி என்று வந்தால் அதைச் சந்தேகப்படு. அவர்களுக்குக் கதிராளியில் யாக் லேசரால் சின்னத் துளை போடுவார்கள், அது வேறு வைத்தியம்.

இன்னொன்று: சிவந்த கண்ணுக்குக் கடையில் வாங்கும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து அழுத்தத்தை ஏற்றும். யாராவது பாவித்தால் அவருடைய மருந்துக் கொப்பியில் எழுதிவிடு. அனுப்பும்போது போத்தல்களையும் பையில் போட்டு அனுப்பச் சொல். "சின்னப் போத்தல் மருந்து" என்றால் எது என்று இங்கே யாருக்கும் பிடிபடாது.

அன்புடன்,
ரவி