தேக்கு சாமான பங்கார்ல போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பைல மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கம் பழைய பில்டிங்லாம் ரீடெவலப்மென்ட்டுக்கு போயிட்டே இருக்கு, வீட்ட காலி பண்ற நம்ம ஆளுங்க முதல்ல தூக்கி வெளிய வைக்கறது தாத்தா காலத்து தேக்கு சாமானத்தான். பங்கார்வாலா, அதாவது பழைய சாமான் வாங்கற காயலான் கடைக்காரர், நீட்டுற காச வாங்கிட்டு, புது பிளாட்டுக்கு பார்ட்டிகிள் போர்டு கப்போர்ட இஎம்ஐல எடுக்கறாங்க, தண்ணி பட்டா அது ஊதிப்போய் விளிம்பு பிஞ்சிடுது. அதே மாதிரி தேக்கு நாற்காலி ஓஷிவாரா மார்க்கெட்ல பாலிஷ் போட்டு என்ன விலைக்கு நிக்குதுன்னு போய் பாருங்க சார், வயிறு எரியும்.

கறுத்துப் போச்சு, இனி தேறாதுங்கறாங்க. அந்த கறுப்பு முக்காவாசி மரத்தோடதே இல்ல, கை எண்ணெய், விளக்குப் புகை, தூசி எல்லாம் சேந்து படிஞ்சது. வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் தேய்க்கற லிக்விட் நாலு சொட்டு விட்டு, துணிய ஒட்டப் பிழிஞ்சு, மரத்தோட ரேகை போற போக்குலயே தொடைங்க, உடனே காஞ்ச துணியால ஈரத்த எடுத்துடுங்க. எங்க வீட்டு சாய்வு நாற்காலி கைப்பிடிய அப்படி தொடச்சப்ப துணி டிகாக்‌ஷன் கலர்ல வந்துச்சு, அடில தேக்கு ரேகை பளிச்சுனு தெரிஞ்சுது. நிறைய சாமானுக்கு இதுவே போதும், பாலிஷ்காரரே வேண்டாம்.

பாலிஷ் போட்டே ஆகணும்னா, மறைவான இடத்துல ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால தேச்சு பாருங்க. பிசுபிசுன்னு இளகுச்சுன்னா அது பழைய பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. மொத்தமா சுரண்ட வேண்டியதில்ல, மேல புது அரக்கு ஏத்தினா பழசோட கலந்து பிடிச்சுக்கும். ஹார்ட்வேர் கடைல சப்டான்னு கேளுங்க, அது காஞ்ச அரக்குச் சில்லு, நூறு கிராம அரை லிட்டர் ஸ்பிரிட்ல ராத்திரி பூரா ஊறவச்சு வடிகட்டி, பஞ்ச துணில சுத்தி மெல்லிசா பல தடவ ஏத்தணும். அடுப்பு, விளக்கு பக்கத்துல வேண்டவே வேண்டாம், ஸ்பிரிட் குப்புனு பத்திக்கும்.

ஆனா இத மழைக்காலத்துல செய்யாதீங்க, நம்ம மும்பை ஈரத்துல அரக்கு வெள்ளையா பூத்துடும், அக்டோபர் வெயில் வரட்டும். டிராயர் மாட்டுதுன்னு ஜூலைல இழைப்புளி போட்டு சீவறதும் தப்பு, மரம் ஈரத்துல ஊதியிருக்கும், காஞ்சதும் லொடலொடன்னு ஆயிடும். மெழுகுவத்திய ஓரத்துல தேச்சு விட்டா அதுவரைக்கும் தாங்கும்.

பெயிண்ட் அடிச்ச பழைய தொட்டில், ஸ்டூல் வச்சிருக்கவங்க மட்டும் தயவுசெஞ்சு உப்புத்தாள் போட்டு வறட்டு தேய் தேய்க்காதீங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்கு, தாண்டக் கூடாதுங்கற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முந்தின பெயிண்ட்ல எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாது, அந்தத் தூசி குழந்தைங்க உடம்புக்குள்ள போனா மூளையையே பாதிக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பழைய மரவேலை தெரிஞ்ச ஆசாரிங்க, நாற்காலிக்கு பிரம்பு பின்றவங்க மும்பைல எங்கெங்க இருக்காங்கன்னு விசாரிச்சு உங்க பேப்பர்ல போடுங்க. பின்ற ஆள் கிடைக்காமலே நல்ல நல்ல நாற்காலிங்க பங்காருக்கு போகுது சார்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகி