இரண்டு வார சி.டி. பயிற்சி போதாது: முதுநிலை அணு மருத்துவப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம். முதுநிலை அணு மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பை முடித்த மாணவி ஒருவர் சென்ற மாதம் எங்கள் பெட்-சி.டி. பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஊசி வழியே செலுத்திய கதிரியக்க மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனையும், எக்ஸ்-கதிரால் உறுப்புகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேனையும் ஒரே கருவியில் எடுக்கும் பிரிவு இது. மூன்றாம் நாள், ஸ்கேன் படுக்கையில் இருந்த நோயாளியிடம் அவர், "மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழ, நான் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து தடுத்தேன். சி.டி.யைக் கையால் எத்தனை முறை எடுத்திருக்கிறீர்கள் என்று பிறகு கேட்டேன். இரண்டாண்டுப் படிப்பில் இரண்டு வாரம் சி.டி. அறைக்கு அனுப்பினார்கள், கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. 11 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே இரண்டு வாரத்தோடுதான் வேலைக்கு வந்தேன். அதே சொற்களை நானும் சொன்னேன். ஓடிவந்து தடுக்க அன்று யாரும் இல்லை.

அன்று படுக்கையில் இருந்தவர் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்த ஓர் அம்மா. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். ஆறு மணி நேரம் பட்டினி இருந்து, ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருந்து, பிறகு நான் சொன்னபடியே மூச்சை இழுத்துப் பிடித்தார். சி.டி. சில நொடிகளில் முடிந்தது. அடுத்த இருபது நிமிட பெட் பதிவின்போது அவர் வழக்கம்போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நுரையீரல் விரிந்து கல்லீரல் கீழே இறங்கிய நிலை சி.டி.யில் பதிந்தது; இயல்பான நிலை பெட்டில் பதிந்தது. விளைவு தங்களுக்குத் தெரிந்ததே: கல்லீரலின் மேல் விளிம்பில் இருந்த கட்டி, சி.டி.யில் ஒன்றுமே இல்லாத நுரையீரலின் அடிப்பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தைக் காற்று என்று கொண்டு கணினி திருத்தம் செய்ததால், கட்டியில் சேர்ந்த மருந்தின் அளவும் குறைந்தே தெரிந்தது. அறிக்கை எழுத மருத்துவரால் முடியவில்லை. அதற்குள் அந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊசியில் இருந்த கதிரியக்கப் பொருளான புளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்; அதாவது அந்த நேரத்துக்கொருமுறை அது பாதியாகக் குறைந்துவிடும். மறுநாள் வந்தால் மீண்டும் பட்டினி, மீண்டும் ஊசி, மீண்டும் கதிர்வீச்சு.

வந்தார். என்னைப் பார்த்ததும், "ஏன் தம்பி, சீக்கு ஜாஸ்தியாயிடுச்சா? அதான் மறுபடி வரச் சொன்னீங்களா?" என்று கேட்டார். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நோயை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஊசி போடும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

பெட்-சி.டி.யில் சி.டி. என்பது உறுப்பின் இடத்தைக் காட்டுவதற்காகச் சேர்த்த துணைப் படம் அன்று. மருந்து எங்கே எவ்வளவு சேர்ந்தது என்று பெட் காட்டும் ஒவ்வோர் எண்ணும் சி.டி. தரும் அடர்த்தி வரைபடத்தால் திருத்தப்பட்டே வருகிறது. மூச்சில் பிழை நேர்ந்தால் எண்ணில் பிழை. இடுப்பு மூட்டில் உலோகம் இருந்தால், இல்லாத நோய் அதைச் சுற்றி ஒளிரும். திருத்தப்படாத படத்தையும் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே அது பொய் என்று புரியும். சி.டி.க்கு நிறமூட்டும் மருந்து செலுத்துவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டும், சிறுவனுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். இவையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வருகிற அறிவு அல்ல. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: முதுநிலைப் படிப்பில் குறைந்தது மூன்று மாதம் சி.டி. அறையில் கைப்பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். மாணவர் தாமே எடுத்த ஸ்கேன்களின் பதிவேடு இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதிக்காதீர்கள்.

இதே வேண்டுகோளுக்கு, மூன்று மாதம் அதிகம் என்று சென்ற முறை பதில் வந்தது. அமெரிக்காவில் அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் 2014 முதல் சி.டி.க்கெனத் தனித் தேர்வு நடத்துகிறது. அதை எழுத 500 மணி நேர நேரடிப் பயிற்சி வேண்டும். அதுவும் ஏறத்தாழ மூன்று மாத வேலை நேரமே. பெட்டையும் சி.டி.யையும் இணைத்த முதல் மாதிரிக் கருவி பிட்ஸ்பர்க்கில் 1998இல் இயங்கத் தொடங்கியது. முழு உடலுக்கான தனி பெட் கருவிகள் மருத்துவமனைச் சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. நம் பாடத்திட்டம் மட்டும், சி.டி. இணையாத பழைய காமா கேமராக் காலத்துக் கட்டமைப்பில், கடைசிப் பருவத்தின் ஓர் ஓரத்தில், சி.டி.க்கு இடம் ஒதுக்கியிருக்கிறது.

கருவிக்குப் பல கோடி ரூபாய் கிடைக்கிறது. அதன் முன் அமரப்போகிறவருக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியர் இடம் கிடைப்பதில்லை. பணம் கட்டிப் படிக்கும் மாணவர்களை, சம்பளமில்லாத வேலையாட்களாக, மருந்து அறைக்கும் பதிவு மேசைக்கும் ஆள் பற்றாக்குறையை நிரப்ப அனுப்புகிற கல்லூரிகளை யாரும் கேட்பதில்லை. மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் எங்கள் தொழிலுக்கு அங்கீகாரம் தந்தது. அந்தத் தொழிலைக் கற்கும் இடங்களின் நிலை மாறவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, பொறுத்தருள வேண்டும்.

கேட்க வந்தது மூன்று மாதக் கைப்பயிற்சி. குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். பதிவேட்டின் மாதிரியைத் தயாரித்துத் தரவும், வார இறுதிகளில் ஊதியமின்றி மாணவர்களுக்குக் கற்பிக்கவும் நானும் என் சக பணியாளர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். அழைத்தால் எந்த நாளும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெட்-சி.டி. பிரிவில் பணிபுரியும் ஒரு தொழில்நுட்பவியலாளர்