முதலில் குழாயடி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்திருக்கிறது, பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழைதான் இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

முதலாண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு ரேபீஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறேன், புத்தகத்தில் இல்லாததை எழுது என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்த நேரத்தில் போன ஞாயிற்றுக்கிழமையே எனக்குப் பாடமாக அமைந்துவிட்டது.

மதியம் இரண்டு மணி இருக்கும். எட்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். தெருநாய். வலது கன்னத்தில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது, புறங்கையில் ஒரு கிழிசல். பாட்டி சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து அப்பி அனுப்பியிருந்தார். என்னோடு ட்யூட்டியில் புதிதாகச் சேர்ந்த பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. தோலுக்குள் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பையனைப் பார்த்ததும் நேராகத் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குப் போனாள். "ஊசி எங்கேயும் ஓடிப் போகாதும்மா, முதல்ல குழாயடிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

சாதாரண சோப்புதான். ரேபீஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கதறுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். மூன்றாம் நிமிடத்திலேயே அப்பா "போதும் சிஸ்டர்" என்று கெஞ்சினார். காய்ந்த சுண்ணாம்பு விடவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை ஓடவிட்டோம். உன் பிள்ளைகளைக் குழாயடியில் நிற்க வைத்து முழு 15 நிமிடமும் கழுவச் சொல், செல்வி. கை மறக்காது.

பையனின் எடை 22 கிலோ. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த, எதிர்ப்பொருள் தயாராக இருக்கும் சீரம் கிலோவுக்கு 40 யூனிட் வீதம் 880 யூனிட், ஏறக்குறைய 3 மில்லி. டாக்டரம்மா சிரிஞ்சை எடுத்ததும் அந்தப் பெண் என் காதருகே வந்து, "அக்கா, புண்ணுக்குள்ளேயேவா குத்துவாங்க? இடுப்புல போட்டா போதாதா?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் மீதி மருந்தை இடுப்பில் போட்டவள்தான். அப்போதைய வழக்கம் அது. காயங்களில் முடிந்தவரை முழுவதும் செலுத்தினால் போதும், மீதியைத் தள்ளி வேறு தசையில் போடுவதில் பயன் மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தடுப்பூசி போட்டு உடம்பு தானாக எதிர்ப்பொருள் உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கிருமி அதுவரை காத்திருக்குமா? கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். கன்னத்திலிருந்து மூளை எவ்வளவு பக்கம்! அந்த இடைவெளியில் கடிவாயில் காவல் நிற்பது இந்த சீரம் ஒன்றுதான். 2025 ஏப்ரலில் மலப்புரத்துக் குழந்தை ஒன்று, தலையில் கடிபட்டு, தடுப்பூசி போட்டும் இறந்துபோன செய்தியைப் படித்திருப்பாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கன்னத்தில் ஊசி இறங்கியபோது காயத்தின் ஓரம் உப்பி வெளுத்தது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நாம் படிப்பு முடித்துப் பிரிந்த சில ஆண்டுகளில், நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கெண்டைக்காலில் கடியோடு வந்தார். வீட்டு நாய்தானே என்று இரண்டு தையல் போட்டு, டி.டி. என்னும் டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பினோம். தையல் தட்டை எடுத்துக் கொடுத்தது நான். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். டம்ளரில் தண்ணீர் நீட்டினேன். கை வாய்வரை வந்தது, தொண்டை இறுகித் துடித்தது, டம்ளர் தெறித்து விழுந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே துடித்தார். மறுநாள் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அறைக்குள் கால் வைக்காதவர்கள்கூட வரிசையில் நின்று தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் பரவியதாக உறுதியானவை, இறந்தவரின் உறுப்பையோ கருவிழியையோ பொருத்தியபோது நடந்தவைதான். பார்த்ததாலோ தொட்டதாலோ வராது. எச்சில் நம் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் தடுப்பூசி கட்டாயம். அப்படிப் பட்டது ஒரே ஒருவருக்குத்தான். தரையிலும் கட்டிலிலும் வழிந்ததை வெறுங்கையால் துடைத்த ஆயாம்மாவுக்கு. பினாயில் பட்டுப் பட்டு அவர் விரல் எல்லாம் வெடித்திருக்கும். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து எனக்கு உறைத்து, ஓடிப்போய்க் கூட்டி வந்து போட வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே இருந்தார். ஆனால் அந்த ஐந்து நாளை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் இங்கே வந்த பிறகு ஆயாம்மாவுக்கும் வாசல் வாட்ச்மேனுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். கடிபட்டவர்கள் முதலில் பார்ப்பது வாட்ச்மேனைத்தான். ஓ.பி. சீட்டுக்கு முன்னால் குழாயடி என்று அவரிடம் சொல்லிவைத்தேன். இப்போது சோப்பை அவரே மேசையில் வைத்திருக்கிறார். உன் வகுப்பில் இடம் இருந்தால் உங்கள் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களையும் உட்கார வை.

இன்னொன்று. கீறல் சின்னதுதான் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். துளி ரத்தம் கசிந்திருந்தாலும் அது மூன்றாம் வகை, அதாவது கடிகளில் மிகக் கடுமையான வகை, சீரம் வேண்டும். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று யாரும் அனுப்பக் கூடாது. அன்றே தொடங்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே, நினைவிருக்கிறதா? குன்னூரிலிருந்து வரும் ஆட்டு மூளைத் தடுப்பூசி. அதை நிறுத்தி 20 ஆண்டு ஆகிறது. ஆனாலும் அந்தப் பயத்தில் இன்றைக்கும் மந்திரிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது இரண்டு கையிலும் 0.1 மில்லிதான் என்று சிரிஞ்சைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

பையன் புதன்கிழமை இரண்டாவது ஊசிக்கு வந்தான். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. நாளை ஏழாம் நாள். அவன் அப்பாவின் போன் நம்பரை அந்தப் பெண் தன் கைப்பட நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், வராவிட்டால் கூப்பிடுவதற்கு.

வகுப்பு எப்படிப் போனது என்று எழுது. பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாளாவது இங்கே தங்கு.

அன்புடன்,
மேரி